மாமா கடலில் இருந்தார், கையெழுத்து கரையில் இருந்தது

ஒரே நேரத்தில் ரெண்டு இடத்தில் இருந்தவர் என்று எங்க ஊர்ப் பக்கம் பதுவை அந்தோணியாரைத்தான் சொல்வார்கள். அவருக்கு அப்புறம் அந்தப் பெருமை எங்க மாமாவுக்கு. என்ன, அந்தோணியார் விஷயத்தில் அது புதுமை. மாமா விஷயத்தில் அது ஒரு இருபது ரூபாய் பத்திரமும் ஒரு வட்ட சீலும் சேர்ந்து செய்த வேலை.

மாமா கதையைக் கடைசியில் சொல்கிறேன். அதுக்கு முன்னாடி, இந்தப் பதிவு எதுக்கு என்று சொல்லிவிடுகிறேன்.

போன மாதம் பையனின் சான்றிதழில் அவன் அம்மா பெயர் ஒரு மாதிரியும் ஆதாரில் வேறு மாதிரியும் இருந்ததால் ஒரு அபிடவிட் தேவைப்பட்டது. தூத்துக்குடிக்குப் போனேன். நோட்டரி என்று போர்டு போட்ட ஒரு இடத்தில் குமாஸ்தா பேப்பரை வாங்கிப் பார்த்தார்.

"மேடம் வரலியா சார்?"

"வேலைக்குப் போயிருக்காங்க."

"பரவால்ல. நீங்களே வீட்ல கையெழுத்து வாங்கிட்டு வந்துருங்க. சீல் போட்டுத் தர்றோம்."

நல்ல மனுஷன், நம்ம கஷ்டம் புரிஞ்சவர் என்று சந்தோஷமாகத்தான் படியிறங்கினேன். தருவைகுளம் பஸ்ஸில் உட்கார்ந்து பேப்பரைப் படித்தபோதுதான் கடைசி வரி கண்ணில் பட்டது. 'என் முன்னிலையில் கையொப்பமிட்டார்.' உடனே மாமா ஞாபகம். மறுநாள் வீட்டுக்காரம்மாவை லீவு போடச் சொல்லி வேறொரு நோட்டரியிடம் கூட்டிக்கொண்டு போனேன். "ஒரு கையெழுத்துக்கு ஒரு நாள் சம்பளமா?" என்று வழி முழுக்க அர்ச்சனை. அந்த அர்ச்சனைக்குப் பதில் சொல்வதற்காகப் படித்ததுதான் இந்தப் பதிவு. (வீட்டில் சொன்னால் பாதியில் எழுந்து போய்விடுவார்கள். நீங்கள் அப்படிச் செய்ய மாட்டீர்கள் என்ற நம்பிக்கைதான் :-))

எல்லாம் ஒரு குறியில் ஆரம்பித்தது

நோட்டரி என்ற சொல்லின் வேர் லத்தீனில் 'நோட்டா'. தேர்தல் நோட்டா இல்லீங்க. குறி, அடையாளம் என்று பொருள். பேசுகிறதைச் சுருக்கெழுத்துக் குறிகளால் எழுதி எடுக்கிறவன் நொட்டாரியுஸ். ரோமில் அடிமைகளும் இந்த வேலையைச் செய்தார்கள். சிசரோவிடம் அடிமையாக இருந்து விடுதலை பெற்ற டைரோ என்பவர் பெயரில் ஒரு சுருக்கெழுத்து முறையே இருக்கிறது. பெரிய மனிதர்கள் பேசுவார்கள், இவர் குறித்து வைப்பார். நாள் போகப் போக, பேசினவரின் பேச்சை விட இவர் குறித்து வைத்ததுக்கு மதிப்பு கூடிவிட்டது. 13-ம் நூற்றாண்டில் இத்தாலியின் போலோஞா நகரத்தில் நோட்டரி தொழிலைப் பாடமாகவே சொல்லிக்கொடுத்தார்கள்.

நம்ம ஊரிலும் இதே 'குறி' உண்டு. இன்றைக்கு ஒருவரைத் திட்டுவதற்கு 'தற்குறி' என்கிறோம். அது வசவே இல்லை. தன் குறி, அதாவது எழுதத் தெரியாதவர் தன் கையால் போடும் அடையாளம். பழைய கல்வெட்டுகளில் சாட்சிகள் 'இவை என் எழுத்து' என்று ஒவ்வொருவராகக் கையெழுத்திடுவார்கள். எழுத்தறியாதவர் குறி போடுவார். அது இன்னாரின் குறிதான் என்று பக்கத்தில் எழுத்தறிந்த ஒருவர் உறுதி சொல்வார். இதற்குத் 'தற்குறி மாட்டெறிதல்' என்று பேர். யோசித்துப் பாருங்கள், இன்றைக்கு நோட்டரி செய்கிற வேலையின் சாரம் இதுதான். இது இன்னார் போட்டதுதான், நான் பார்த்தேன், அவ்வளவுதான்.

பெரியபுராணத்தில் சுந்தரர் கல்யாணத்தை நிறுத்திய வழக்கு எல்லோருக்கும் தெரியும். முதியவர் ஓலையை நீட்டுகிறார், சுந்தரர் பிடுங்கிக் கிழித்துப் போடுகிறார். 'நீ கிழித்தது படி ஓலை, மூல ஓலை திருவெண்ணெய்நல்லூரில் இருக்கிறது' என்று முதியவர் சிரிக்காத குறை. ஒரிஜினல், ஜெராக்ஸ் பிரச்சினை அப்போதே இருந்திருக்கிறது! சபையார் அந்த ஓலையில் இருந்த சுந்தரரின் பாட்டனார் எழுத்தை, காப்பில் இருந்த அவருடைய இன்னொரு ஓலையோடு ஒப்பிட்டுப் பார்த்துத்தான் தீர்ப்பு சொல்கிறார்கள். ஒரு வழக்கை நிரூபிக்க மூன்று வழி என்று அந்தக் கதையில் வருகிறது. ஆட்சி, ஆவணம், அயலார் காட்சி. அனுபோகம் ஒன்று, பத்திரம் ஒன்று, சம்பந்தமில்லாத ஒருவர் கண்ணால் கண்டது ஒன்று.

எனக்கு இந்த 'அயலார் காட்சி' என்ற சொல் ரொம்பப் பிடித்துவிட்டது. நோட்டரிக்குத் தமிழில் 'சான்றுறுதி அலுவலர்' என்றெல்லாம் எழுதுகிறார்கள். என்னைக் கேட்டால் அயலார், காட்சி இரண்டையும் அந்தப் போர்டில் எழுதி வைக்கலாம். ரெண்டு பக்கத்துக்கும் சொந்தமில்லாதவர், ஆனால் கண்ணால் பார்த்தவர்.

போப்பாண்டவர் வழியாகக் கான்டர்பரி, அங்கிருந்து நம்ம ஊர்

இடைக்கால ஐரோப்பாவில் நோட்டரியை நியமிக்கும் அதிகாரம் போப்பாண்டவருக்கும் பேரரசருக்கும் இருந்தது. 1533-ல் இங்கிலாந்து அரசர் எட்டாம் ஹென்றி ரோமாபுரியோடு சண்டை போட்டுக்கொண்டபோது, போப்பாண்டவர் கொடுத்துவந்த அனுமதிகளை எல்லாம் இனி கான்டர்பரி பேராயர் கொடுப்பார் என்று ஒரு சட்டம் போட்டார்கள். நோட்டரி நியமனமும் அதில் போயிற்று. ரெண்டு மூன்று வருஷம் கழித்து, 1535-37-ல், இங்கே முத்துக்குளித்துறைப் பரதவர்கள் போர்ச்சுக்கீசியர் உதவியை நாடிக் கத்தோலிக்கம் தழுவுகிறார்கள். அங்கே ஒரு நாடு ரோமை விட்டுப் போகிறது, இங்கே ஒரு கரை ரோமுக்குள் வருகிறது. ரெண்டுக்கும் நேரடித் தொடர்பு கிடையாது. ஆனால் அந்த 1533 சட்டத்தின் வால், நானூறு வருஷம் கழித்து இந்தியா வரைக்கும் நீண்டது. பிரிட்டிஷ் காலத்தில் எல்லா வேலைகளுக்கும் அதிகாரமுள்ள நோட்டரி ஆக வேண்டுமென்றால், கான்டர்பரி பேராயரின் அந்த அலுவலகத்திலிருந்துதான் நியமனம் வர வேண்டும். சுதந்திரம் கிடைத்த பிறகு, இந்தியாவில் வேலை செய்கிற ஆளுக்கு இங்கிலாந்தில் இருந்து ஏன் அதிகாரம் வர வேண்டும் என்ற கேள்விதான் 1952-ம் வருஷ நோட்டரிகள் சட்டத்துக்கு ஒரு முக்கியமான காரணம்.

அதற்கு முன்னாடி நடுவில் டச்சுக்காரர்கள் வந்தார்கள். 1658-ல் தூத்துக்குடி, மன்னார், யாழ்ப்பாணம் மூன்றையும் ஒரே வருஷத்தில் போர்ச்சுக்கீசியரிடமிருந்து பிடித்தார்கள். ஒரே கடல், ஒரே முத்துச் சலாபம், ஒரே எஜமான். ஆனால் இன்றைக்கு அந்தக் கரையில் நோட்டரி என்றால் ஊரே மதிக்கும் ஆள். இந்தக் கரையில் அவர் கோர்ட்டு வாசலில் மேஜை போட்டு உட்கார்ந்திருப்பவர். ஏன்?

இலங்கைத் தமிழர்கள் சொல்கிற 'நொத்தாரிசு' என்ற சொல்லில், டச்சுக்காரனின் 'நோட்டாரிஸ்' அப்படியே இருக்கிறது. 1796-ல் பிரிட்டிஷ்காரர்கள் வந்த பிறகும் அந்த மரபு போகவில்லை. 1840-ம் ஆண்டின் 7-ம் இலக்கக் கட்டளைச் சட்டம், காணி விற்பதென்றால் ஒரு நொத்தாரிசு முன்னிலையில், குறைந்தது இரண்டு சாட்சிகளும் ஒரே நேரத்தில் கூட இருக்க, கையெழுத்துப் போட்டால்தான் செல்லும் என்றது. 1907-ம் ஆண்டின் நொத்தாரிசுக் கட்டளைச் சட்டம் இன்னும் கறார். எழுதிக்கொடுக்கிற ஆளை நொத்தாரிசுக்குத் தெரிந்திருக்க வேண்டும், இல்லையென்றால் சாட்சிகள் இரண்டு பேருக்காவது தெரிந்திருக்க வேண்டும். உறுதியின் ஒரு பிரதியைத் தானே வைத்துக்கொண்டு இன்னொன்றைக் காணிப் பதிவகத்துக்கு அனுப்ப வேண்டும். அவர்கள் பத்திரத்துக்குப் பேரே 'உறுதி'. எவ்வளவு பொருத்தம்!

இந்தக் கரையில் வேறு வழி போட்டார்கள். சென்னை மாகாணத்தில் 1802-லேயே பத்திரங்களைப் பதிவு செய்ய ஒரு ஒழுங்குமுறைச் சட்டம். பிறகு 1864-ல் பதிவுச் சட்டம், அது மாறி மாறி 1908-ல் வந்ததைத்தான் இன்றும் புரட்டுகிறோம். நிலம் சார் பதிவாளரிடம் போய்விட்டது. தூத்துக்குடியைப் பொறுத்தவரை 1825-ல் டச்சுக்காரர்கள் இறுதியாக ஆங்கிலேயரிடம் ஒப்படைத்துவிட்டுப் போனார்கள். ஆகவே இந்தியாவில் நோட்டரிக்கு நிலம் இல்லை. மிச்சம் இருந்தது என்ன? கடல்!

கடலில் இருந்து வந்த வேலை

நோட்டரிகள் சட்டத்தின் 8-வது பிரிவு, நோட்டரி என்னென்ன செய்யலாம் என்று பட்டியல் போடுகிறது. அபிடவிட், சான்றொப்பம், மொழிபெயர்ப்பு இதெல்லாம் நமக்குத் தெரிந்ததே. நடுவில் ஒரு வரி வரும். 'கப்பல் புரொட்டஸ்ட், படகு புரொட்டஸ்ட்' எழுதுவது. நான் முதல் தடவை படித்தபோது ஏதோ வேலைநிறுத்தப் போராட்டம் என்று நினைத்தேன் :-)

விஷயம் இதுதான். தூத்துக்குடியில் இருந்து ஒரு தோணி சரக்கு ஏற்றிக்கொண்டு மாலத்தீவுக்குப் போகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். வழியில் பேய்க்காற்று. பாய் கிழிந்து, தண்ணீர் உள்ளே வந்து, தோணியைக் காப்பாற்றப் பாதி மூட்டையைக் கடலில் தள்ளிவிடுகிறார்கள். கரை சேர்ந்ததும் சரக்குக்காரர் கேட்பார், "என் மூட்டை எங்கே? வித்துட்டியா?" நடுக்கடலில் நடந்ததுக்கு யார் சாட்சி? அதனால் தண்டல் கரையில் கால் வைத்ததும், வழக்கமாக 24 மணி நேரத்துக்குள், நோட்டரியிடம் போய்ச் சொல்ல வேண்டும். இத்தனாம் தேதி புறப்பட்டோம், இந்த இடத்தில் காற்று அடித்தது, இன்னது செய்தோம், இது என் தப்பில்லை, கடலின் தப்பு என்று. நோட்டரி லாக் புத்தகத்தைப் பார்த்து, சொன்னதைப் பதிவு செய்து சீல் வைப்பார். அதுதான் புரொட்டஸ்ட். நோட்டரி காற்றைப் பார்க்கவில்லை. ஆனால் ஆளைப் பார்க்கிறார், அவர் வந்து நின்ற நாளையும் நேரத்தையும் பார்க்கிறார். பின்னாடி யோசித்து ஜோடித்த கதை இல்லை, ஈரம் காயுமுன் சொன்னது என்பதுதான் அதற்கு மதிப்பு. நடந்தது அப்படித்தான் என்பதற்கு அதுவே முடிந்த முடிவான ஆதாரம் கிடையாது. ஆனாலும் கப்பல் வியாபாரத்தில் நட்டக் கணக்குப் பார்க்கும்போது முதலில் தேடுகிற காகிதம் அது.

அதே பிரிவில் இன்னொரு விசித்திரம், கப்பல் அடமானப் பத்திரம். தூர தேசத்தில் கப்பல் பழுதாகிவிட்டது, முதலாளியிடம் சொல்ல வழியில்லை, போனும் கிடையாது. கப்பல் தலைவன் கப்பலையே அடமானம் வைத்துக் கடன் வாங்கலாம். கப்பல் பத்திரமாக ஊர் சேர்ந்தால் வட்டியோடு கடன் திரும்பும். மூழ்கிப்போனால் கடனும் மூழ்கியது! கடன் கொடுத்தவனும் கடலை நம்பியிருக்கிறான். தந்தியும் இன்சூரன்ஸும் வந்த பிறகு இது வழக்கொழிந்தது. ஆனால் சட்டத்தில் வரி இன்னும் இருக்கிறது.

மூன்றாவது, உண்டியல். கோயில் உண்டியல் இல்லை, வியாபாரிகள் ஊர் விட்டு ஊர் பணம் மாற்ற எழுதிய உண்டியல். கொழும்பில் எழுதியதைத் தூத்துக்குடியில் நீட்டினால் "பணம் தர முடியாது" என்று ஒருவர் சொல்லிவிட்டார் என்றால், சொன்னதை யார் நிரூபிப்பது? நோட்டரி போய் மறுபடி நீட்டுவார். மறுத்தால், இன்ன நாளில் இன்ன காரணம் சொல்லி மறுத்தார் என்று குறித்துக்கொள்வார். 1881-ம் வருஷ மாற்றுமுறை ஆவணச் சட்டத்தில் இதற்கென்றே தனி அத்தியாயம் உண்டு.

இந்தச் சட்டத்தில் ஒரு சுவாரசியமான துணுக்கு. 1885-ல் இதன் கடைசியில் நோட்டரிகளை அரசு நியமிப்பது பற்றி ஒரு அத்தியாயம் சேர்த்தார்கள், 138, 139 பிரிவுகள். 1952 சட்டம் வந்ததும் அது ரத்தானது, அந்த எண்கள் காலியாகக் கிடந்தன. 1988-ல் செக் திரும்பி வந்தால் தண்டனை என்று புது அத்தியாயம் எழுதியபோது காலி இடத்தில் அதைப் போட்டார்கள். இன்றைக்குக் கோர்ட்டில் 'ஒன் தர்ட்டி எய்ட் கேஸ்' என்று லட்சக்கணக்கில் ஓடுகிறதே, அந்த நம்பர் ஒரு காலத்தில் நோட்டரி குடியிருந்த வீடு.

இந்த மூன்று வேலையையும் சேர்த்துப் பாருங்கள். தண்டல் பார்த்ததைக் கொழும்பு வியாபாரி பார்க்கவில்லை. கொழும்பில் எழுதியது தூத்துக்குடிக்காரருக்குத் தெரியாது. கடல் நடுவில் இருக்கிறது. ஒரு கரையில் இருப்பவன் சொல்வதை மறு கரையில் இருப்பவன் நம்புவதற்கு ஒரு ஆள் வேண்டியிருந்தது. நோட்டரி என்கிற வேலையே அந்தத் தூரத்தில் இருந்துதான் முளைத்தது.

யார் ஆகலாம்?

1952-ல் சட்டம் வந்தாலும் 1956-ல்தான் விதிகளோடு நடைமுறைக்கு வந்தது. தகுதிகளைச் சுருக்கமாகச் சொல்கிறேன், சட்டம் படிக்கும் தம்பி தங்கைகளுக்கு உதவும்.

வக்கீலாகக் குறைந்தது 10 வருஷம் தொழில் செய்திருக்க வேண்டும். பெண்களுக்கும், பட்டியல் சாதி, பழங்குடி, இதர பிற்படுத்தப்பட்ட வகுப்பினருக்கும் 7 வருஷம் போதும். நீதித்துறைப் பணியில் 10 வருஷம் இருந்தவர்களும், இந்திய சட்டப் பணியில் இருப்பவர்களும் விண்ணப்பிக்கலாம். மத்திய அரசும் நியமிக்கும், மாநில அரசும் நியமிக்கும். மத்திய அரசு நியமனம் என்றால் நாடு முழுக்கவோ அதில் ஒரு பகுதிக்கோ, மாநில அரசு நியமனம் என்றால் அந்த மாநிலத்துக்குள்.

விண்ணப்பத்தில் யார் யார் மேலொப்பம் இட வேண்டும் என்று 1956 விதி சொல்வது எனக்கு ரொம்பப் பிடித்தது. ஒரு மாஜிஸ்திரேட், ஒரு வங்கி மேலாளர், ஒரு வியாபாரி, உள்ளூர்ப் பெரியவர்கள் இரண்டு பேர். வியாபாரி எதற்கு? உண்டியல் காலத்து ஞாபகம்தான். இவர் சீலை நம்பிப் பணம் கொடுக்கப் போவது வியாபாரிதானே! ஊர்ப் பெரியவர்கள் எதற்கு? ஊருக்கு ஆளைத் தெரிந்திருக்க வேண்டும்.

நியமனம் ஆனால் தொழில் சான்றிதழ் கொடுப்பார்கள். முதலில் 3 வருஷத்துக்கு என்று இருந்ததை 1999 திருத்தத்தில் 5 வருஷம் ஆக்கினார்கள். அப்புறம் புதுப்பிக்க வேண்டும். சீல் 5 சென்டிமீட்டர் விட்டத்தில் வட்டமாக இருக்க வேண்டும், அதில் பெயர், எந்தப் பகுதி, எந்த அரசு நியமித்தது எல்லாம் இருக்க வேண்டும். கட்டண விவரத்தை அலுவலகத்துக்கு உள்ளேயும் வெளியேயும் எழுதித் தொங்கவிட வேண்டும். (நீங்கள் எங்காவது பார்த்ததுண்டா?) செய்த ஒவ்வொரு வேலையையும் பதிவேட்டில் ஏற்ற வேண்டும். வருஷா வருஷம் ஜனவரியில் போன வருஷக் கணக்கை அரசுக்கு அனுப்ப வேண்டும். நடத்தைக் கேடு நிரூபணமானால் பட்டியலில் இருந்து பெயரை நீக்கிவிடலாம்.

எது அவர் வேலை இல்லை என்பதும் முக்கியம். 'நோட்டரி போட்டாச்சு, வீடு நம்மளுது' என்று நம்பிப் பணத்தை விட்டவர்கள் எங்க பக்கமே நிறைய. நூறு ரூபாய்க்கு மேல் மதிப்புள்ள நிலத்தைப் பதிவு செய்யாமல் விற்க முடியாது. நோட்டரி சீல் எத்தனை போட்டாலும் அது கிரயப் பத்திரம் ஆகாது. கல்யாணம், விவாகரத்தும் அப்படித்தான். 2024 அக்டோபரில் மத்திய சட்ட அமைச்சகமே, திருமணப் பத்திரமோ விவாகரத்துப் பத்திரமோ போட நோட்டரிக்கு அதிகாரம் இல்லை என்று எழுத்து மூலம் சொல்லவேண்டி வந்தது. காகிதத்தில் இருக்கும் விஷயம் உண்மை என்று அவர் சொல்வதில்லை. இந்த ஆள் என் முன்னால் வந்தார், கையெழுத்துப் போட்டார் என்பதை மட்டும் சொல்கிறார். அவர் கையில் இருப்பது அந்த ஒரே ஒரு சொத்துதான். அதையும் "பரவால்ல சார்" என்று கொடுத்துவிட்டால்?

இப்ப மாமா கதை

தொண்ணூறுகளில் நடந்தது. மாமாவுக்கு ஒரு வள்ளத்தில் மூன்றில் ஒரு பங்கு. மாமி நகையைப் போட்டு வாங்கின பங்கு. கூட்டாளி ஒருவர் கரையில் இருந்து கணக்கு வழக்குப் பார்ப்பார், மாமா கடலுக்குப் போவார். வழிவலைத் தொழில், திங்கட்கிழமை போனால் சனிக்கிழமை கரை பிடிப்பார்கள். ஞாயிறு கடலுக்குப் போகிற வழக்கம் கிடையாது.

ஒருநாள் பங்குக் காசில் தகராறு. கூட்டாளி ஒரு பத்திரத்தை எடுத்து நீட்டினார். என் பங்குக்கு உரிய முழுத் தொகையையும் பெற்றுக்கொண்டேன், இனி வள்ளத்தில் எனக்கு எந்தப் பாத்தியதையும் இல்லை என்று மாமா எழுதிக்கொடுத்த மாதிரி. கீழே மாமா கையெழுத்து. பக்கத்தில் வட்ட சீல். 'என் முன்னிலையில்.'

ஊர்க் கமிட்டி கூடியது. கையெழுத்து அசல் போலவே இருந்தது. மாமா "நான் போடல, நான் போடல" என்கிறாரே தவிர வேறெதுவும் சொல்லத் தெரியவில்லை. சீல் இருக்கிறதே! சீலைப் பார்த்ததும் மாமாவுக்கு வேண்டியவர்களே கொஞ்சம் பின்வாங்கினார்கள். குடித்துவிட்டுப் போட்டிருப்பாரோ என்றுகூட ஒருத்தர் முணுமுணுத்தார். மாமா குடிக்காத மனுஷன். அதுதான் அவருக்கு ரொம்பச் சுட்டது.

மாமிதான் தேதியைக் கவனித்தது. அத்தைக்கும் மாமிக்கும் ஐந்தாம் வகுப்புப் படிப்புத்தான், ஆனால் மாமி எழுத்துக்கூட்டிப் படிக்கும். காலண்டரைக் கொண்டு வரச் சொன்னது. பத்திரத் தேதி ஒரு வியாழக்கிழமை.

"வியாழக்கெழம இவுக எங்க இருந்தாகன்னு ஐஸ்காரனக் கேளுங்க, ஏலக்காரரக் கேளுங்க" என்றது.

கேட்டார்கள். திங்கட்கிழமை அந்த வள்ளத்துக்கு ஐஸ் ஏற்றின கணக்கு இருந்தது. சனிக்கிழமை மீன் போட்ட வரவு ஏல நோட்டில் இருந்தது. கூடப் போன நாலு பேரும் வந்து, ஆள் எங்களோடதான் இருந்தான் என்றார்கள். எந்தச் சீலும் இல்லாத அந்த அழுக்கு ஏல நோட்டு ஜெயித்தது. அதை எழுதினவர் அன்றைக்குப் பார்த்ததை அன்றைக்கே எழுதியிருந்தார், அதனால்.

மாமாவுக்கு அப்போதுதான் குரல் வந்தது. "நான் கடல்ல கெடந்தேன்டே. கரையில எவன்டே எனக்குக் கையெழுத்துப் போட்டான்?"

ஊர்ப் பெரியவர்கள் ரெண்டு பேர் சீல் போட்டவரைப் போய்ப் பார்த்தார்கள். பதிவேட்டில் அந்தத் தேதியில் மாமா பேரே இல்லை. அவர் மறுக்கவும் இல்லை, சண்டை போடவும் இல்லை. "தெரிஞ்ச ஆள் கொண்டாந்தாரு, ஒரிஜினல் கையெழுத்துன்னாரு, போட்டேன்" என்றாராம். அதிகமாகப் பணம் வாங்கிக்கொண்டு செய்த மோசடியாக இருந்திருந்தால்கூட எங்களுக்குப் புரிந்திருக்கும். அன்றைக்கு வழக்கமாக வாங்குகிற காசுக்கு, வழக்கம் போலச் செய்திருக்கிறார்.

கேஸ், கோர்ட்டு என்று போகவில்லை. கமிட்டி பேசி, கூட்டாளி தவணையில் பணம் கொடுத்தார். முழுசாக வரவில்லை. மாமி நகையும் திரும்பவில்லை. மாமா கடைசி வரை அடுத்தவர் வள்ளத்தில்தான் கூலிப் பங்குக்குப் போனார்.

வருஷங்கள் கழித்து ஒரு தடவை வலை பொத்திக்கொண்டிருந்தவரிடம், "அந்தக் கூட்டாளி மேல இன்னும் கோவம் இருக்கா மாமா?" என்று கேட்டேன். "அவன் கூட்டாளி, ஆசப்பட்டான், போகட்டும். அந்த வக்கீலுக்கு நான் என்ன செஞ்சேன்? பாக்காதத பாத்தேன்னு எழுதிட்டாரே மக்கா" என்றார். அதுக்கு மேல் அவர் பேசவில்லை.

கடைசியாக

எங்க ஊர் பேர் அவ்வப்போது செய்தியில் வருகிறது. 2023 அக்டோபரில் தருவைகுளம் படகு ஒன்றை மாலத்தீவில் பிடித்தார்கள், 12 பேர். 2024 ஆகஸ்டில் ரெண்டு படகை இலங்கையில் பிடித்தார்கள், 22 பேர். இப்படி ஆட்கள் அந்தக் கரையில் அடைபட்டிருக்கும்போது இந்தக் கரையில் குடும்பங்கள் காகிதத்தோடு அலைகின்றன. படகு யாருடையது, இவர் யார், இவருக்காகப் பேச அதிகாரம் யாருக்கு என்று. ஆள் போக முடியாத இடத்துக்கு அவர் சொல் மட்டும் போக வேண்டும். வெளிநாட்டில் செல்லுபடியாக வேண்டிய பத்திரங்களுக்குச் சான்று கொடுப்பதும் அதே 8-வது பிரிவு நோட்டரிக்குக் கொடுத்த வேலைதான். அந்த வட்ட சீலை நம்ப முடியாமல் போனால் முதலில் அடிபடுவது நம்மைப் போல ஊரில் பாதி நாள் இல்லாத ஜனங்கள்தான்.

நான் மட்டும் யோக்கியன் என்று சொல்ல வரவில்லை. கல்லூரிக் காலத்தில் அம்மா கையெழுத்தை நானே போட்டு, சீல் வாங்கி, ஃபார்ம் கொடுத்தவன்தான் நானும். மாமா கதை தெரிந்திருந்தும் செய்தேன். அவசரம் என்று அப்போது ஒரு நியாயம் இருந்தது. கூட்டாளிக்கும் சீல்காரருக்கும்கூட அப்படி ஒரு நியாயம் இருந்திருக்கும்.

ரெண்டாவதாகப் போனேனே ஒரு நோட்டரி, அவர் வீட்டுக்காரம்மாவை உட்காரச் சொல்லி, ஆதாரை வாங்கி முகத்தையும் போட்டோவையும் பார்த்து, எழுதியிருந்ததை வாய்விட்டு வாசித்து, "இது உண்மைதானே அம்மா?" என்று கேட்டார். பதிவேட்டில் கையெழுத்து வாங்கினார். மொத்தம் ஆறு நிமிஷம். திரும்பி வரும்போது அம்மணி அர்ச்சனை ஒன்றும் செய்யவில்லை. "அவரு கேட்டப்ப நெஜமாவே ஒரு நிமிஷம் பயமா இருந்துச்சுங்க, பொய் ஏதும் எழுதிட்டோமோன்னு" என்றாள். ஒரு நாள் சம்பளம் அதுக்குச் சரியாப் போச்சு என்று வைத்துக்கொண்டேன்.

டிஸ்கி: இலங்கை நண்பர்கள் யாராவது நொத்தாரிசு வீட்டுத் திண்ணையில் உறுதி முடித்த அனுபவம் இருந்தால் எழுதுங்களேன். உங்கள் ஊரில் நிஜமாகவே எல்லோரும் ஒரே நேரத்தில் உட்கார்ந்துதான் கையெழுத்துப் போடுகிறார்களா, இல்லை அங்கேயும் 'பரவாயில்லை' உண்டா?